ஐந்து ரயிலடிகள், ஒரு பருவம்

2019 டிசம்பரில், காட்சித் தொடர்பியல் இறுதியாண்டுப் புகைப்படத் திட்டத்துக்கு 'செட்டிநாட்டு ரயில் நிலையங்கள்' என்று நான் தலைப்பு எழுதிக் கொடுத்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. வருகைப்பதிவேட்டின் வரிசைப்படி தலைப்பைப் பதிந்தார்கள். என் முறை வருவதற்குள் கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, ஓலைக் கொட்டான், வளவு, நிலைக்கதவு எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காரைக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு ரயிலடி என்பது, சென்னையிலிருந்து வரும் சித்தப்பாவை அழைத்துவர அப்பாவின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகும் இடம், அவ்வளவுதான். அதில் இருபத்துநான்கு படங்களுக்கு என்ன இருக்கிறது என்று நான் யோசித்திருக்கவில்லை.

முதலில் அனுமதி. ரயில் நிலையத்துக்குள் பாடத்திட்டத்துக்காகப் படம் எடுக்க வேண்டுமானால் நிலைய மேலாளர் வாய்மொழியாகச் சொல்வது போதாது, கோட்ட அளவில் எழுத்து மூலம் இசைவு பெற வேண்டும் என்று காரைக்குடியில் சொல்லி அனுப்பினார்கள். கல்லூரியின் சான்றிதழை இணைத்து, செட்டிநாட்டு ரயில் நிலையங்களில் படமெடுக்க விரும்புகிறேன் என்று நான் எழுதிய முதல் விண்ணப்பம், எந்தெந்த நிலையங்கள், எந்தெந்த நாட்கள், எத்தனை பேர், என்ன கேமரா என்ற கேள்விகளோடு திரும்பி வந்தது. பிழை என்னுடையதுதான். நமக்குச் செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கு மேற்பட்ட நகரத்தார் ஊர்கள். ரயில்வேக்கோ அது ஒரே ஒரு நிலையத்தின் பெயர், கானாடுகாத்தானை ஒட்டியிருக்கும் நிலையம். அப்படி ஓர் ஊரே கிடையாது என்பதையும், பலகையில் மட்டும்தான் அந்தப் பெயர் ஊராக இருக்கிறது என்பதையும் நான் அந்தத் திரும்பி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் விண்ணப்பத்தில் ஐந்து நிலையங்களைக் குறித்தேன்: செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி சந்திப்பு, தேவகோட்டை ரோடு, கண்டனூர் புதுவயல். இசைவு கிடைத்தது, நிபந்தனைகளும் கூடவே வந்தன. முக்காலி வைக்கக்கூடாது, பயணிகளுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது, தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. கடைசி நிபந்தனையை வகுப்பில் சிலர் சிரித்துக்கொண்டு வாசித்தார்கள். ரயில்வே சட்டம், 1989-இன் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எங்கள் ஆசிரியர் பலகையில் எழுதிய பிறகு சிரிப்பு நின்றது.

அதே ஆசிரியர்தான் புகைப்படக் கலைஞர் ரகு ராய் 1995-இல் மும்பை சர்ச்கேட் நிலையத்தில் எடுத்த படத்தையும் எங்களுக்குக் காட்டினார். நீண்ட நேரம் திறந்திருந்த ஷட்டரில் புறநகர் ரயிலின் கூட்டமெல்லாம் புகையாக ஓட, நடுவே அசையாமல் நிற்பவர்கள் மட்டும் துலக்கமாகப் பதிந்திருக்கும் படம் அது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றே என் திட்டத்தின் இருபத்துநான்கு படங்களும் எனக்குள் எடுத்து முடிந்துவிட்டன. சர்ச்கேட்டைக் காரைக்குடியில் எடுத்துவிடலாம் என்று நம்பினேன்.

காரைக்குடியில் அப்படியொரு கூட்டம் கூடுவது விடியுமுன் சென்னைக்குக் கிளம்பும் பல்லவன் விரைவு வண்டிக்குத்தான். தை முகூர்த்தம் ஒன்றின் மறுநாள், அப்பாவை எழுப்பிக்கொண்டு போய், முக்காலி இல்லாததால் சிமெண்டு பெஞ்சின் மேல் துணிப்பையை மடித்து வைத்து, அதில் கேமராவைப் புதைத்து, ஒரு வினாடி, இரண்டு வினாடி, நான்கு வினாடி என்று மாற்றி மாற்றி எடுத்தேன். கூட்டம் என்னவோ புகையாகத்தான் பதிந்தது. ஆனால் சர்ச்கேட்டின் அலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கூட்டமாகையால், ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்த கறைபோல இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது துலக்கமாக நின்றவை மனிதர்கள் அல்ல, சாமான்கள். கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவர்களின் எவர்சில்வர் தூக்குகள், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், மணகோலமும் அதிரசமும் அடைத்த தகர டின்கள், மேலே பெயரும் 'தாம்பரம்' என்ற சொல்லும் பேனாவில் எழுதப்பட்ட ஒரு கோணிப்பை. ஊரில் வீடும் வெளியூரில் வாழ்வுமாக இருக்கிறவர்கள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்துவிட்டுப் போகிற ஊர் இது என்பதை, ஆட்களே இல்லாத அந்தப் படம் ஆட்களைவிட நன்றாகச் சொன்னது. தோற்றுப்போன படம் என்றுதான் அதை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் சர்ச்கேட்டை மறந்துவிடச் சொன்னார்.

திட்டத்தோடு இரண்டு பக்கப் பின்னணிக் குறிப்பும் கேட்டிருந்தார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இந்த நிலையங்களில் வந்து இறங்கித்தான் செட்டிநாட்டு வீடுகள் எழுந்தன என்று ஒரு வாக்கியத்தை, யாரிடமும் கேட்காமல், மிக அழகாக எழுதியிருந்தேன். நூலகத்தில் உட்கார்ந்தபோது அது உதிர்ந்துபோனது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இந்தத் தடம் 1929-இலும் 1930-இலும்தான் திறக்கப்பட்டது. கானாடுகாத்தான் அரண்மனை 1912-இலேயே கட்டி முடிக்கப்பட்டது. பெரிய வீடுகளில் பெரும்பாலானவற்றின் உத்திரங்கள் கப்பலில் வந்து கடற்கரையில் இறங்கி மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்தவை. ரயில் வந்து சேர்ந்த நேரத்தில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிவிட்டது. பர்மாவில் நகரத்தார் கொடுத்த கடன் பணமாக அல்லாமல் நிலமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்தது. ஆக இந்தப் பிளாட்பாரங்கள் பார்த்தவற்றில் செல்வம் வந்து இறங்கியதைவிட, ஊரைவிட்டுப் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பியவர்களும்தான் அதிகமாக இருந்திருக்க வேண்டும். இலங்கைக் கப்பலுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயிலும் இந்த வழியில் ஓடியதுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேசுவரம் வண்டியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் போட் மெயில் என்றேதான் சொல்கிறார்கள்.

செட்டிநாடு நிலையத்துக்கு நான் நான்கு முறை போனேன். விரைவு வண்டிகள் பெரும்பாலும் நிற்காமல் போய்விடும். நின்று போகும் வண்டிகள் சிலவே. இரண்டு வண்டிகளுக்கு இடையே கிடக்கும் அந்தப் பொழுதை எப்படிப் படமெடுப்பது என்பதுதான் இந்தத் திட்டத்தில் எனக்கு வந்த உண்மையான சிக்கல். மதிய வெயிலில் சரளைக் கற்களும் தண்டவாளமும் கண்ணைக் கூச வைக்கும். வேப்பமர நிழலில் இருக்கும் பெஞ்சுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வெளி வெளுத்துப்போகும், வெளிக்கு வைத்தால் பெஞ்சில் இருப்பவர் கரிக்கட்டையாகிவிடுவார். முதல் இரண்டு நாட்களில் எடுத்தவற்றை அப்படியே அழித்தேன். மூன்றாம் முறை மாலை நான்கரைக்குமேல் போனேன். வெயில் சாய்ந்து மஞ்சள் பலகையின் கறுப்பு எழுத்துகளில் பட்டு, நிழலும் வெளியும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. ஷட்டரைப் பற்றி வகுப்பில் படித்ததைவிட, எந்த நேரத்தில் போகக்கூடாது என்பதை அறிந்ததுதான் எனக்கு அதிகமாக உதவியது.

அன்றுதான் பெஞ்சில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, மடியில் ஒரு கொட்டான், காலடியில் தண்ணீர்ப் புட்டி. ஆளைக் கேட்டுவிட்டு எடுத்தால் விறைத்துக்கொள்வார்கள் என்று நானே ஒரு விதி வைத்திருந்ததால், தூணுக்குப் பின்னால் நின்று மூன்று படங்கள் எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமலே அவர் கேட்டார்:

"ஏத்தா, ஒளிஞ்சு நின்னு எடுக்குறவ, முன்னால வந்து எடுத்தா ஆகாதா?"

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன படிப்பு என்று விசாரித்து முடித்த பின், முந்தானையைச் சரிசெய்து கொண்டு, "இப்ப எடு" என்றார். நான் பயந்தபடி விறைப்பாகத்தான் உட்கார்ந்தார். ஆனால் கேமராவை இறக்கிய பிறகு பேசத் தொடங்கினார். அவர் கைப்பிள்ளையாக இருந்தபோது ரங்கூனிலிருந்து வந்த தகப்பனாரை அழைத்துவர அவருடைய ஆத்தா அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே டேசனுக்கு வந்தாராம். "நடந்தும் வந்திருக்காக, கப்பல்லயும் வந்திருக்காக. இறங்கி வந்தவுகள எங்க ஆத்தாளுக்கே அடையாளம் தெரியலையாம்." பேச்சின் நடுவே, அவர் இசைவோடு, நான் எடுத்த ஒரு படத்தில் அவருடைய கண் என்மேல் இல்லை, வண்டி வரும் திசையில் இருக்கிறது. ஒளிந்து எடுத்த மூன்றையும் அவர் முன்னாலேயே அழித்தேன். படத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விலாசம் சொன்னார், அனுப்பினேன். முடி கலைந்திருப்பதாகப் பேத்தியின் கைப்பேசி வழியாகப் புகார் வந்தது.

கண்டனூர் புதுவயல் நிலையம் திருவாரூர்த் தடத்தில் இருக்கிறது. மீட்டர் கேஜ் வண்டிகள் 2012-இல் நிறுத்தப்பட்டு, 1,000 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடந்த தண்டவாளம் 1,676 மில்லிமீட்டருக்கு அகலமாகி, 2019 ஜூனில்தான் திருவாரூர் வரை வண்டி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பல கேட்டுகளுக்கு ஆள் போடப்படாததால் கேட் கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி கேட்டை மூடுவார். வண்டி கடந்து போய் மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். வண்டிக்குள் இருந்தால் இது தெரியாது. தடத்தை ஒட்டிய ஒரு கேட்டில், பொதுச்சாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்து எடுத்தேன்: ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரரையும் நான்கு ஆடுகளையும் தடுத்து நிறுத்தும் பொறுப்போடு ஒருவர் கேட்டை மூட, இவ்வளவு பெரிய வண்டி அவருக்காகப் பொறுமையாக நின்றுகொண்டிருக்கும் படம். முழுத் திட்டத்திலும் ரயில் முழுதாகத் தெரியும் படம் அது ஒன்றுதான்.

தேவகோட்டை ரோடு நிலையத்தை எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ரஸ்தா என்றால்தான் தெரியும். தேவகோட்டை ஊர் அங்கிருந்து வெகுதூரம். பெயரை நம்பி இறங்கியவர்கள் பேருந்துக்கு நிற்பதை எடுத்தேன். கோட்டையூரில் எனக்கு எதுவும் சரியாக அமையவில்லை, பலகையும் பெஞ்சுமாக இரண்டு சாதாரணப் படங்கள்தான் கிடைத்தன. ஐந்தில் ஒன்று விட்டுப்போகக்கூடாதே என்பதற்காக அவற்றைச் சேர்த்தேன், சேர்த்திருக்கக்கூடாது.

ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களிலிருந்து இருபத்துநான்கைத் தேர்ந்தெடுக்கும் வேலை மாசி மாதம் முழுதும் நடந்தது. வீட்டு முற்றத்தில் சிறிய பிரதிகளைப் பரப்பிவைத்து, அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்து, எந்தப் படத்தின் முன் அவர்கள் குனிகிறார்கள் என்று பார்த்தேன், எதையும் விளக்கவில்லை. எனக்குப் பிடித்த நிழல் விளையாட்டுப் படங்களைத் தாண்டிப் போனவர்கள், கோணிப்பைப் படத்தின் முன் நின்று அது யார் வீட்டுக் கையெழுத்தாக இருக்கும் என்று பேசத் தொடங்கினார்கள். பிறகு வெட்டும் வேலை. செட்டிநாடு நிலையத்துப் படங்களில் மேல்பாதி முழுக்க வெறும் வானமாக இருந்தது. காலியான இடம் கண்ணைச் சிதறடிக்கும் என்று படித்திருந்ததால் ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் அந்த வானத்தை வெட்டித் தள்ளி, கூரையோடு நிறுத்திவிட்டு, 12-க்கு 18 அங்குலத்தில் பிரதி எடுத்தேன்.

கண்காட்சி மார்ச் கடைசி வாரத்துக்குக் குறித்திருந்தது. மார்ச் 22-ஆம் தேதி நாடு முழுவதும் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. இரண்டு நாளில் ஊரடங்கு வந்தது. இருபத்துநான்கு பிரதிகளும் எங்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், சுவரோரமாகச் சாய்ந்து கிடக்க, வாய்மொழித் தேர்வு பிறகு காணொளியில் நடந்தது. ரயில் நிலையம் என்கிறீர்கள், கூட்டத்தையே காணோமே, ஊரடங்கில் எடுத்தீர்களா என்று தேர்வாளர் கேட்டார். இல்லை, இவை வழக்கமான நாட்கள் என்று சொன்னேன். படக்குறிப்பில் நிலையத்தின் பெயரை மட்டும் எழுதி, நாளையும் நேரத்தையும் எழுதாமல் விட்டிருந்ததால் அதை அந்த இடத்தில் என்னால் காட்ட முடியவில்லை. மதிப்பெண் குறைந்தது அதற்காகத்தான், அது நியாயமும்கூட.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் தடம் மின்மயமானது. பிளாட்பாரம் நெடுகக் கம்பங்கள் நடப்பட்டு, 25,000 வோல்ட் கம்பிகள் தலைக்குமேல் போகின்றன; காரைக்குடிச் சந்திப்பும் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு செட்டிநாடு நிலையத்தில் அதே பெஞ்சுக்கு எதிரே நின்று கைப்பேசியை உயர்த்தியபோது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பியோ கம்பமோ குறுக்கிட்டது. வீட்டுக்கு வந்து பழைய வன்தட்டைத் தேடியெடுத்தேன். வெட்டாத மூலக் கோப்புகள் அதில் பத்திரமாக இருந்தன, நாளும் நேரமும் உட்பட. ஆச்சி வண்டி வரும் திசையைப் பார்த்திருக்கும் படத்தில், அவர் தலைக்குமேல் ஒரு கோடுகூட இல்லாத வானம் படத்தின் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதைப் பிரதியெடுக்கக் கடையில் கொடுத்தபோது, கணினி முன் இருந்த அண்ணன் ஒரு நொடி தயங்கினார்.

"மேல இவ்வளவு சும்மா கெடக்கே பாப்பா, வெட்டிரவா?"

வேண்டாம் அண்ணே, முழுசாப் போடுங்க என்றேன்.