வழிகாட்டியாகச் சேர்ந்த அனுபவம்

பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக, அதாவது வாரந்தோறும் ஒரு பிள்ளையோடு கொஞ்ச நேரம் கூட இருக்கும் பெரியவராக, வரச் சொன்னால் பலரும் தயங்குவது, "சொல்லித்தர நமக்கு என்ன தெரியும்?" என்றுதான். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. இருந்தாலும் இப்படி வழிகாட்டிகளைச் சேர்த்துவிடும் ஓர் அமைப்பில் பெயர் கொடுத்தேன்.

விண்ணப்பம், நம்மை நன்றாக அறிந்தவர்களின் பரிந்துரை, போலீஸ் சரிபார்ப்பு, அப்புறம் நீண்ட நேர்காணல். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், ஒரு வருடத்துக்குள் ஊர் மாறுவீர்களா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். முன்பின் தெரியாத ஆளை நம்பி ஒரு பிள்ளையை அனுப்பும்போது இவ்வளவும் கேட்கத்தான் வேண்டும். கேட்காத இடத்தில் சேராதீர்கள்.

ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும் என்பது ஏன் என்று பயிற்சியில் விளக்கினார்கள். பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளைச் சேர்த்துவிடும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு பற்றி 1995-ல் ஓர் ஆய்வு வெளியானது. வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடும் வாய்ப்பு, கிடைக்காதவர்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது. பிறகு அதே தரவை மறுபடி அலசியதில், ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நன்மை அதிகம் என்று தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தே போயிருந்தது. பாதியில் விட்டுப்போகிற இன்னொரு பெரியவரை அவர்கள் தாங்குவதில்லை.

என்னோடு சேர்த்துவிட்ட பையனுக்கு 14 வயது. எதைக் கேட்டாலும் "ம்", "தெரியல". சரி என்று கேள்விகளை நிறுத்திவிட்டு, பழைய சைக்கிள் ஒன்றை இருவரும் பிரித்து மாட்ட ஆரம்பித்தோம். ஒருநாள் செயினை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், கணக்கில் ஃபெயிலானதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றான். அறிவுரை நாக்கு நுனிவரை வந்தது. பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வர, "என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று மட்டும் கேட்டேன். கிரீஸ் படிந்த கையோடு அவனே பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தான்: முதலில் அம்மாவிடம் சொல்வது, அப்புறம் ஆசிரியரைப் பார்ப்பது. சொன்னபடியே செய்தான். கூட இருந்து காது கொடுத்தது மட்டும்தான் என் பங்கு. அதற்குத் தனித் தகுதி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் அமைப்பில் காத்திருப்போர் பட்டியலில் பெரும்பாலும் பையன்கள்தான். பெண்கள் முன்வரும் அளவுக்கு ஆண்கள் வருவதில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்து, ஒரு வருடமாவது அதே ஊரில் இருக்கப்போகிறவர்கள் தயவுசெய்து பெயர் கொடுங்கள். சரிபார்ப்பு முடியவே நாளாகும் என்பதால், பள்ளி திறக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.