சிவப்புக் கோடு போட்ட பந்தி

எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் "அண்ணை, பிக் மட்ச் பற்றி எழுதித் தாருங்கோ" என்று கேட்டார். வருடா வருடம் நடக்கும் அந்தப் பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டத்தில் நான் போனது ஒரேயொரு மட்ச்சுக்கு, அதுவும் பன்னிரண்டாவது ஆளாக. தண்ணீர்ப் போத்தல் காவியதைப் பற்றி எத்தனை பந்தி எழுதலாம்? அதனால் குடியியல் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

1968. நாங்கள் ஜீ.சீ.ஈ. (பொதுத் தராதரப் பரீட்சை) வகுப்பு. குடியியல் சேர் நோட்ஸ் சொன்னால் காற்புள்ளி, அரைப்புள்ளியையும் சேர்த்தே சொல்லுவார். அப்போது இலங்கையில் நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு வந்த அன்று மட்டும் சிவப்புப் பென்சிலை எடுக்கச் சொன்னார். ஒரு சமூகத்தவருக்கோ சமயத்தவருக்கோ மட்டும் இடைஞ்சல் தரும் சட்டத்தையும், ஒரு பகுதியினருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் பாராளுமன்றம் ஆக்கலாகாது. 'ஆக்கலாகாது' என்பதன் கீழே இரண்டு கோடு. பாடமாக்க வேண்டும், பரீட்சைக்கு வரும் என்றார். வந்தது.

அந்தக் கோட்டை நாங்கள் பிறக்க முதலே தாண்டியாயிற்று. சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போயிற்று. வழக்கு அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போக, 1953இல் 'மீறல் இல்லை' என்று தீர்ப்பு. 1956இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம். சேர் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் குரலில் கோபமும் காட்டமாட்டார். இதுவும் நோட்ஸ்தான், அரைப்புள்ளியோடு.

கடைசி வாங்கில் இருந்த ஒருவன் அன்று கையை உயர்த்தினான். யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகக் கேட்டு நின்ற வருடம் அது. "சேர், கோயில் கதவுக்கும் 29 பொருந்துமோ?" வகுப்பில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவன் யார், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அவனோடு சேர்ந்து தண்ணீர் குடிக்காத வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான் எங்களில் பாதிப்பேர். சேர் கொஞ்ச நேரம் சோக்கையே பார்த்தார். "29 பாராளுமன்றத்துக்கு. சாதி பார்த்து மறிக்கக்கூடாது எண்டு கோயிலுக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. அதையும் எழுதுங்கோ." சிவப்புப் பென்சிலால்தான் எழுத வைத்தார். இன்றுவரை கொழும்பு அரசாங்கத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு அந்த வாங்கும் நினைவுக்கு வந்துவிடும்.

சேர் விடாமல் பின்தொடர்ந்தது கோடீஸ்வரன் வழக்கை. சிங்களப் பரீட்சைக்கு இருக்காததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட தமிழ் அரச ஊழியர் அவர். மொழிச் சட்டமே 29க்கு முரண் என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் சொன்னது. 1967இல் உயர் நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் இறங்காமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போடமுடியாது என்று தள்ளிவிட்டது. 1969இல் பிரிவி கவுன்சில் 'போடலாம், சட்டம் செல்லுமா என்பதை விசாரியுங்கள்' என்று திருப்பி அனுப்பியது. அந்தப் பத்திரிகைத் துண்டைச் சேர் சட்டைப்பைக்குள் கொண்டு திரிந்தார். விடை வரவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி அடைபட்டது. 1972 மே 22இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவையே காணோம். அதற்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று 1956இல் எச்சரித்த அதே கொல்வின்!

இதற்கிடையில் என் சங்கதியும் முடிந்திருந்தது. 1971 பல்கலைக்கழக அனுமதியில் பொறியியலுக்கு 400க்குச் சிங்கள மொழிமூலம் 227 புள்ளி எடுத்தால் போதும், தமிழ் மொழிமூலம் 250 வேண்டும். எனக்கு 243. பின்தங்கிய இடத்துப் பிள்ளைகளுக்கு இடம் விடவேண்டும் என்றால் நியாயம், அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வருடம் அளந்தது ஊரை அல்ல, மொழியை. எனக்கு அரசாங்கத்தைவிடச் சேர்மேல்தான் ஆத்திரம். நடக்காத ஒன்றை ஏன் அப்படிப் பாடமாக்க வைத்தார்?

இலண்டனுக்கு வெளிக்கிட முன், 1972 கடைசியில், பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு நின்ற அவரைக் கண்டேன். கேட்டேவிட்டேன். "சேர், இப்ப 29 இல்லையே. அந்த நோட்ஸை என்ன செய்யிறியள்?"

"சொல்லிக்குடுக்கிறன்."

"சிலபஸில இல்லையே?"

"இல்லைத்தான். பரீட்சைக்கு வராது எண்டு முதலே சொல்லிப்போட்டுத்தான் சிவப்புப் பென்சிலை எடுக்கச் சொல்லுறன். நேற்று ஒருத்தன் எழுதமாட்டன் எண்டவன். சரி, எழுதாதை, கேள் எண்டன். பிறகு பார்த்தால் எழுதிக்கொண்டிருக்கிறான்." மணி அடித்தது. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனார்.