லேப்ராஸ்கோபி கருவிகள்: ஊறவைப்பதை விட்டு ஆட்டோகிளேவுக்கு மாறிய அனுபவம்

லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) முடிந்து நோயாளி நல்லபடியாக வீட்டுக்குப் போய்விடுவார். தையல் பிரிக்கும்போதும் காயம் சுத்தமாகத்தான் இருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து, தொப்புள் துளையிலோ மேல் வயிற்றுத் துளையிலோ சின்னதாக ஒரு கட்டி கிளம்பும். அது உடைந்து நீர்த்த சீழ் கசியும். வழக்கமான ஆன்டிபயாடிக்கில் கொஞ்சம் அடங்கி மறுபடி வரும். இவ்வளவு தாமதமாக வருகிற போர்ட் (கருவி நுழைந்த துளை) தொற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை செலோனே, ஃபார்ச்சூட்டம், அப்செஸஸ் போன்ற மைக்கோபாக்டீரியா வகைகள். குழாய்த் தண்ணீரில் சாதாரணமாக வாழ்பவை. கருவி வழியாக உள்ளே போகின்றன. ஆனால் இப்படி ஒரு கேஸ் வந்ததும் முதலில் கேட்கிற கேள்வி, “தியேட்டருக்குப் புகை போட்டாச்சா?” என்பதுதான். எத்தனை முறை புகை போட்டாலும் கிராஸ்பர் (திசுவைப் பிடிக்கும் நீளக் கருவி) குழலுக்குள் காய்ந்துபோன ரத்தம் போகாது.

சிறிய நர்ஸிங் ஹோம்களில் ரொம்ப காலமாக இருந்த வழக்கம் நமக்குத் தெரிந்ததே. கேஸுக்கும் கேஸுக்கும் நடுவில் 2% குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி எடுப்பது. இதில் மூன்று ஓட்டைகள். 20 நிமிடத்தில் கிடைப்பது உயர்நிலைக் கிருமிநீக்கம் மட்டுமே. ஸ்போரும் (சில பாக்டீரியாக்கள் எடுக்கும் கெட்டியான உறக்க வடிவம்) சாக 10 மணி நேரம் ஊற வேண்டும். அடுத்தது, ஆக்டிவேட் செய்த கரைசலுக்கு லேபிளில் 14 நாள் என்று இருந்தாலும், ஈரக் கருவியைப் போடப் போட அது நீர்த்துக்கொண்டே வரும். தினமும் டெஸ்ட் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்காவிட்டால் எட்டாம் நாளே செத்த கரைசலாக இருக்கலாம். மூன்றாவது, அலசுகிற தண்ணீரும் அதை வைத்திருக்கும் பாத்திரமும். கஷ்டப்பட்டுக் கிருமி நீக்கியதை அங்கேயே திரும்ப அசுத்தப்படுத்துகிறோம். போதாததற்கு, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 2006-07ல் அறுவை சிகிச்சைக்குப் பின் பரவிய மைக்கோபாக்டீரியா, 2% குளூட்டரால்டிஹைடையே தாங்கி நின்றது.

ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் மெஷின்) மாறுவது என்று முடிவானதும் எல்லாரும் மெஷின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். நாங்கள் கண்டவரை, பாதி வேலை அதற்கு முன்பே, கழுவுகிற சிங்கில் இருக்கிறது. அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்துக்கு நீராவி போய்ச் சேராது.

கேஸ் முடிந்த உடனே, தியேட்டரிலேயே கருவியைப் பிரித்துவிட வேண்டும்: கைப்பிடி, வெளிக்குழல், உள்கம்பி. ட்ரோகாரின் (கருவிகள் உள்ளே போகும் குழாய்) ரப்பர் மூடி, வாஷர் எல்லாவற்றையும் கழற்றி, ஸ்டாப்காக்கை (அதிலுள்ள சிறு திருகு வால்வு) திறந்து வைக்க வேண்டும். பிரிக்கவே வராத மாடல் கையில் இருந்தால் அதை மாற்றுவதற்கான பட்டியலில் முதலில் எழுதுங்கள். உள்ளே தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் ஃப்ளஷ் போர்ட்டும் இல்லாதது எந்த முறையிலும் சுத்தமாகாது. ரத்தம் காயாமல் ஈரத்துணி போட்டு மூடி, மூடிய பெட்டியில் எடுத்துப் போகவும். சலைனில் ஊறப்போடுவது பல தியேட்டர்களில் பழக்கம். அதிலுள்ள குளோரைடு ஸ்டீலை அரித்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழ வைக்கும்.

என்சைம் கரைசல், லேபிளில் சொன்ன அளவில் (நாங்கள் வாங்குவதற்கு லிட்டருக்கு 5 மி.லி.), வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ரத்தத்தின் புரதம் உறைந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். பிரஷ் போடுவது தண்ணீருக்கு அடியில். வெளியே தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். 5 மி.மீ. குழலுக்கு அதற்குரிய அளவு பிரஷ் தனியாக வேண்டும். மெலிந்த பிரஷ் சுவரைத் தொடாமலே வெளியே வந்துவிடும். பிரஷ் முனை மறுபக்கம் வெளியே தெரிய வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டும். அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வில் கழுவும் தொட்டி) இருந்தால் தாடைகளைத் திறந்தபடி 10 நிமிடம் போடலாம். டெலஸ்கோப்பை (வயிற்றுக்குள் பார்க்கும் லென்ஸ் குழல்) அதில் போடவே கூடாது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நாங்கள் நம்புவது ஒரு மலிவான சோதனை. குழலுக்குள் சில சொட்டு 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டு, வெளியே வருவதைக் கறுப்புத் தட்டில் பிடியுங்கள். நுரைத்தால் ரத்தம் மிச்சம் இருக்கிறது. திரும்பக் கழுவ வேண்டியதுதான். நுரைக்காவிட்டாலும் அந்தப் பெராக்ஸைடு போக அலசிவிட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு நூறு பக்க கையேட்டைவிட இந்த நுரை சீக்கிரம் புரிய வைக்கிறது.

கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் அலசிச் சூடேற்றினால் தாடையின் பற்களுக்குள் வெள்ளை உப்புப் படியும். மெஷினுக்கு ஊற்றினாலோ வால்வு அடைத்துக்கொள்ளும். பழுப்புக் கறை தெரிந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். கறை போய் அடியில் வழவழப்பாக இருந்தால் அது வெறும் கறை. குழி தெரிந்தால் துரு, கருவியை ஒதுக்க வேண்டும். பிறகு குழலுக்குள் காற்றடித்துக் காயவைத்து, இன்சுலேஷனில் கீறல் இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்கவும். கணுக்களுக்குத் தேங்காய் எண்ணெயோ பாரஃபினோ போடாதீர்கள். எண்ணெய்ப் படலத்தை நீராவி ஊடுருவாது.

மெஷின் வாங்கும்போது விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று, ப்ரீ-வேக்யூம், அதாவது நீராவி விடும் முன் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வசதி. பழைய செங்குத்து ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பி.எஸ்.ஐ., 30 நிமிடம் என்பது சாதாரண ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் செட்டுக்குப் போதும். குறுகிய குழலுக்குள் நிற்கும் காற்றை அது வெளியேற்றாது. காற்று நிற்கிற இடத்தில் நீராவி இல்லை. ப்ரீ-வேக்யூமில் 134 டிகிரியில் 4 நிமிடம், அதன்பின் 20 முதல் 30 நிமிடம் உலர்த்தல். தினமும் முதல் லோடுக்கு முன் காலி மெஷினில், காற்று முழுக்க வெளியேறுகிறதா என்று நிறம் மாறும் தாளால் பார்க்கும் போவி-டிக் சோதனை. தாள் முழுக்க ஒரே நிறமாக மாறாமல் நடுவில் வெளிறி இருந்தால் காற்று மிச்சம் இருக்கிறது, அன்றைக்கு மெஷினை ஓட்டக் கூடாது.

பேக் ஈரமாக வெளியே வந்தால் அது ஸ்டெரைல் இல்லை, விவாதமே கிடையாது. ட்ரேக்களை நெருக்கி அடுக்குவதும், சூடு ஆறுமுன் குளிர்ந்த ஸ்டீல் மேசையில் வைப்பதும்தான் ஈரத்துக்கு வழக்கமான காரணம். வெளியே ஒட்டும் டேப் கோடு போட்டுக் கறுத்தால், பேக் மெஷினுக்குள் போய்வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். ஒவ்வொரு ட்ரேயின் நடுவிலும் கிளாஸ் 5 இண்டிகேட்டர் (சூடு, நேரம், நீராவி மூன்றும் சரியாகக் கிடைத்ததா என்று காட்டும் பட்டை) ஒன்று வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஸ்போர் வயல் (உயிருள்ள ஸ்போர் அடைத்த சிறு குப்பி). அதை வடிகால் துளைக்கு மேலே, மெஷினிலேயே சூடு குறைந்த இடத்தில் வைத்து ஓட்டி, 55-60 டிகிரியில் இன்குபேட் செய்ய வேண்டும். கூடவே அதே லாட்டில் ஓட்டாத வயல் ஒன்றும் இருக்க வேண்டும். அது வளராவிட்டால் மற்றது வளராததற்கு மதிப்பில்லை.

டெலஸ்கோப்தான் எல்லாருக்கும் பயம். உடம்பிலேயே ‘ஆட்டோகிளேவபிள்’ என்று பொறித்திருந்தால் தாராளமாகப் போடலாம், தானாக ஆறவிட்டு எடுக்க வேண்டும். அவசரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் லென்ஸ் போய்விடும். பொறிக்காததற்கு பிளாஸ்மா (ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆவியில் கிருமி நீக்கும் மெஷின்) அல்லது ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்ஸைடு வாயு). பிளாஸ்மாவில் பஞ்சு, காட்டன் துணி, சாதாரணக் காகிதம் எதுவும் கூடவே போகக் கூடாது. அவை பெராக்ஸைடை உறிஞ்சிக்கொள்ள, மெஷின் பாதியில் நின்றுவிடும்.

உண்மையான சண்டை வருவது சர்ஜனோடு. கழுவி, காயவைத்து, பேக் செய்து, ஓட்டி, ஆறவைக்க ஒரு செட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே செட்டை வைத்து காலையில் நாலு கேஸ் போட்ட இடத்தில் இது நடக்காது. ஒன்று, குறைந்தது மூன்று செட் வாங்க வேண்டும். இல்லையென்றால் லிஸ்ட்டைப் பிரித்து, நடுவில் ஹெர்னியா மாதிரி திறந்த கேஸ்களைப் போட வேண்டும். இதை நிர்வாகம் எழுத்தில் சொல்லாவிட்டால் தியேட்டர் சிஸ்டர் தலையில்தான் விடியும். குளூட்டரால்டிஹைடு ட்ரே தியேட்டருக்குள் இருக்கும்வரை அவசரத்துக்கு அதில்தான் கை போகும். அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

மாறிய பிறகும் பழைய நோயாளிகள் வருவார்கள், ஆபரேஷனுக்கும் கட்டிக்கும் அத்தனை வார இடைவெளி. சீழ் அனுப்பும்போது “ஏ.எஃப்.பி. ஸ்டெயின், மைக்கோபாக்டீரியா கல்ச்சர்” (ஏ.எஃப்.பி. என்பது காசநோய்க் கிருமியும் இவையும் சேர்ந்த, அமிலத்தில் சாயம் போகாத பாக்டீரியா வகை) என்று ஃபார்மில் எழுதி, லேபுக்குப் போனும் பண்ணுங்கள். சாதாரண கல்ச்சர் பிளேட்டை இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவை வளர ஒரு வாரம்கூட ஆகும், ரிப்போர்ட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்றே வரும். ஸ்டெயினில் ஏ.எஃப்.பி. தெரிந்ததும் காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டாம். வேகமாக வளரும் இந்த வகைகள் அந்த மருந்துகளுக்கு மசியாதவை. எந்த வகை, எதற்குக் கட்டுப்படும் என்று லேப் சொன்ன பிறகே மருந்தை முடிவு செய்ய வேண்டும்.