கரப்பானா, கறப்பானா?

பிழை திருத்துவது என் தொழில். போன வாரம் வந்த ஒரு கட்டுரையில் நாலு இடத்தில் 'கறப்பான்பூச்சி' என்று இருந்தது. வல்லின 'ற' போட்டால் அது பால் கறக்கிற பூச்சியாகிவிடும். சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

திருத்தும்போதுதான் உறைத்தது. இடையின 'ர' போட்ட சொல்லுக்கு என்ன பொருள் என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. கரத்தல் என்றால் மறைத்தல், மறைதல். 527ஆம் குறளில் 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்று வருகிறதே, அந்த வினைதான். காக்கை இரையை ஒளிக்காமல் கூட்டத்தைக் கூப்பிட்டுத் தின்னும். இந்தப் பூச்சி நேர் எதிர். கரந்தான், கரக்கிறான், கரப்பான் என்று சொல்லிப் பாருங்கள். எதிர்கால வினைமுற்று! 'ஒளிந்துகொள்வான்' என்ற முழு வாக்கியமே பெயராக நிற்கிறது.

சின்ன வயதில் வேறு மாதிரி நினைத்திருந்தேன். இந்தப் பூச்சி மேலே ஊர்ந்தால் தோலில் கரப்பான் என்ற அரிப்பு நோய் வரும், அதனால்தான் இந்தப் பெயர் என்று அம்மா சொல்லுவார். அதை நம்பி, தலைவரை போர்வையை இழுத்துக்கொண்டு வியர்க்க வியர்க்கத் தூங்கியவன் நான். இப்போது என் ஓட்டு 'கர'வுக்குத்தான்.

அன்று இரவே சாட்சி கிடைத்தது. தண்ணீர் குடிக்கப் போய்ச் சமையலறை விளக்கைப் போட்டேன். தொட்டி விளிம்பில் இருந்தது. அடுத்த நொடி இல்லை. குழாய்க்குப் பின்னால் சுவர் விரிசலில் இரண்டு மீசைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. செருப்பை ஓங்கினேன், அவையும் உள்ளே போய்விட்டன. அதன் பின்பக்கத்தில் இரண்டு குட்டி நீட்சிகள் உண்டு. அவற்றிலுள்ள மெல்லிய மயிர்கள் காற்றின் அசைவையே உணர்ந்துவிடும். செருப்புக்கு முன்னால் செருப்பின் காற்று போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மற்றவர்கள் பெயர் வைத்த லட்சணத்தையும் பாருங்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1758இல் பெரிய கரப்பானுக்கு 'அமெரிக்கானா' என்று வைத்தார். அதன் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. சின்னதற்கு 1767இல் 'ஜெர்மானிகா'. அதையே ரஷ்யர்கள் 'புருசாக்', அதாவது பிரஷ்யாக்காரன் (பிரஷ்யா பழைய ஜெர்மானிய அரசு) என்பார்கள். எல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கட்டுகிற வேலை.

அப்புறம் ஒரு விஷயம். டிப்ளாப்டெரா பங்க்டேட்டா என்று ஒரு கரப்பான் இருக்கிறது. முட்டையிடாமல் குட்டி போடும். வயிற்றில் வளரும் குஞ்சுகளுக்குப் பால் போன்ற புரதத் திரவத்தைச் சுரந்து ஊட்டும். இதைக் கட்டுரையாளரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் 'ற'வைத் திரும்பப் போடச் சொல்லுவார்.