கசெல்லாவின் பதினொரு குட்டித் துண்டுகள்

இரண்டு நாளாக இத்தாலிய இசையமைப்பாளர் அல்ஃப்ரெடோ கசெல்லா 1920இல் எழுதிய பியானோ தொகுப்புதான் காதில். சிறுவர்களுக்கான 11 துண்டுகள். கசெல்லா டூரினில் பிறந்து பாரிஸில் படித்தவர்.

இரண்டாவதாக வரும் வால்ட்ஸ் முழுக்க வெள்ளைக் கட்டைகளில். மூன்றாவது கருப்புக் கட்டைகளில் மட்டும்! ஒரு கை தொடங்கிய மெட்டை இன்னொரு கை பின்னாலேயே துரத்துகிறது. ஐந்தே சுரங்கள், அரைச்சுர இடைவெளியே (அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான மிகச் சிறிய இடைவெளி) கிடையாது. அதனால் எதன்மேல் எது விழுந்தாலும் உறுத்தவில்லை. என்ன ஒரு யோசனை!

அப்புறம் பியானோ பயிற்சிகளுக்குப் பேர்போன பழைய இசையமைப்பாளர் கிளெமென்டிக்கு ஒரு வணக்கம்: ஐந்து விரல் பயிற்சியையே இசையாக்கிவிட்டார். சிசிலியானா, மினுவெட் என்ற பழைய நடன வகைகள், தாலாட்டு எல்லாம் உண்டு. கடைசியில் கேலப் என்ற வேக நடனம், நாலுகால் பாய்ச்சல்.

குழந்தைகளுக்கு என்பதற்காக எதையும் நீர்க்கச் செய்யவில்லை மனிதர். பியானோ சொல்லித் தருகிறவர்கள் அந்தக் கருப்புக் கட்டைத் துண்டையாவது வாசிக்கக் கொடுங்கள், ப்ளீஸ்.