தாடை ஆபரேஷனுக்குப் பணம் புரட்டிய கதை

எனக்கு முன்பற்கள் மேலும் கீழும் சேரவே சேராது. வாயை இறுக மூடினாலும் கடைவாய்ப் பற்கள் மட்டும்தான் தொடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்பதால் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, காலையில் எழுந்தால் காதுக்கு முன்னால் வலி, இரவெல்லாம் குறட்டை, பகலில் தூக்கக் கலக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. பல்லுக்குக் கம்பி மட்டும் போட்டால் போதாது, மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வெட்டி நகர்த்தி வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவர் சொன்ன தொகை என் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டியது.

இரண்டாவதாக ஓர் இடத்தில் கேட்டோம். அங்கே குறைவாகச் சொன்னதும் சரி, இங்கேயே செய்துகொள்ளலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டோம். நல்லவேளை, என் அக்கா இரண்டு எஸ்டிமேட்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கச் சொன்னார். சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து கொடுப்பவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், அறை வாடகை, வெட்டிய எலும்பைப் பிடித்து வைக்கும் டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும், ஸ்கேன், கம்ப்யூட்டரில் திட்டமிடுவது என்று தனித்தனியாக வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டது: குறைவாகச் சொன்ன இடத்தில் பிளேட் செலவும் இல்லை, கம்பிச் செலவும் இல்லை. கம்பியோ ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருடத்துக்கு மேல், பின்னால் சில மாதம் என்று போட வேண்டியது. எல்லாவற்றையும் கூட்டினால் அதுதான் அதிகம். கீழே இருந்த ஞானப்பற்களை ஆறு மாதம் முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதையும் இரண்டு இடத்திலுமே எஸ்டிமேட்டில் காட்டவில்லை.

ஒரு தாடையோடு நிறுத்தினால் செலவு பாதியாகுமே என்று கேட்டுப் பார்த்தேன். மூன்றாவதாகப் பார்த்த சர்ஜன் பொறுமையாக விளக்கினார். மேல்தாடையின் பின்பகுதி கீழே இறங்கியிருப்பதால்தான் முன்னால் திறந்து நிற்கிறது, அதைத் தூக்காமல் கீழ்த்தாடையை மட்டும் நகர்த்தினால் இடைவெளி திரும்ப வர வாய்ப்பு அதிகம். குறட்டை குறைய மூச்சுப் பாதை விரிய வேண்டுமானால் கீழ்த்தாடையும் முன்னே வந்தாக வேண்டும். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

இன்சூரன்ஸில் முதல் முறை நிராகரித்தார்கள். காரணம், அழகுக்கான சிகிச்சையாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு விண்ணப்பத்தோடு போன கடிதத்தைப் படித்துப் பார்த்தால், 'முக அமைப்பைச் சீராக்க' என்று ஒரே வரி. மெல்ல முடியாததைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எந்த விதிப்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். அப்புறம் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்துகொண்டேன், மணிக்கு 22 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. 15 முதல் 30 வரை என்றால் நடுத்தரத் தீவிரம். அந்த அறிக்கை, முன்பற்களுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவு, தாடை மூட்டு வலிக்கு இதுவரை எடுத்த சிகிச்சை, தேய்ந்த பற்களின் படம் எல்லாவற்றையும் வைத்துப் புதிய கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்தேன். மருத்துவமனைச் செலவையும் மயக்க மருந்துச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். கம்பிக்குக் கடைசி வரை தரவில்லை.

ஆபரேஷனைப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் செய்துகொண்டேன். மாணவர்கள் கை வைப்பார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. நேராகவே கேட்டேன்: வெட்டுவது யார், மாதத்துக்கு இப்படி எத்தனை செய்கிறீர்கள், நடு இரவில் ரத்தம் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது? மூத்த சர்ஜன்தான் செய்வார், முதுநிலை மாணவர்கள் உடன் நின்று உதவுவார்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள். நான் போன தனியார் இடங்களில் இந்தக் கேள்விகளுக்கு இவ்வளவு நேரம் யாரும் ஒதுக்கவில்லை. காத்திருப்பு நீளம்தான், ஆனால் பற்கள் தயாராக எப்படியும் ஒரு வருடம் கம்பி போட வேண்டியிருந்தது, அந்தக் காலமும் இதுவும் ஒன்றாகவே ஓடின. ஞானப்பற்களையும் அங்கேயே எடுத்துக்கொண்டேன்.

மீதிப் பணத்துக்கு வட்டியில்லாத் தவணை என்று ஒரு கடன் வந்தது. ஒரு தவணை தவறினாலும் முதல் நாளிலிருந்து வட்டி போடுவோம் என்று உள்ளே எழுதியிருந்ததால் வேண்டாம் என்றுவிட்டு, கம்பிப் பணத்தை மாதாமாதம் வட்டியில்லாமல் கட்ட கம்பி போடும் மருத்துவரிடமே பேசி வாங்கினேன். கேட்டால்தான் கிடைக்கிறது, தானாக யாரும் சொல்வதில்லை.

நான் கணக்கில் எடுக்க மறந்தது விடுப்பை. மூன்று வாரம் நினைத்தேன், ஐந்து வாரம் ஆனது, அதில் பாதி சம்பளமில்லாமல். ஆறு வாரம் மெல்லவே கூடாது, எல்லாம் நீராகாரமும் கூழுமாகத்தான்.

ஆபரேஷன் முடிந்து இப்போது எட்டு மாதம். முன்பற்கள் சேர்கின்றன, காலை வலி போய்விட்டது. கீழுதட்டின் வலப்பக்கம் இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது, இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த மாதம் கம்பியைக் கழற்றுகிறார்கள். அதற்குப் பிறகு, பற்கள் மறுபடி நகராமல் பிடித்து வைக்கப் போடும் ரீட்டெய்னருக்கு எவ்வளவு ஆகும், உடைந்தால் மாற்ற எவ்வளவு என்று இரண்டையும் இப்போதே எழுதி வாங்கிவிட்டேன்.