சாம்பல் பெய்யும் ஊரில் எட்டு ஆண்டுகள்

கணக்குக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் தெற்கில் உள்ள ககோஷிமாவில் எட்டு ஆண்டுகளாகக் குருவாக இருக்கிறேன். இதுவரை நான் கொடுத்த ஞானஸ்நானம் ஐந்து. அவற்றில் மூன்று, இங்கே வேலைக்கு வந்திருக்கும் பிலிப்பைன்ஸ், வியட்நாம் குடும்பங்களின் குழந்தைகளுக்கு.

நான் மணப்பாட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவன். 1540களில் எங்கள் கரைக்கு வந்த புனித சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதம் எழுதினார். அதே சவேரியார் 1549 ஆகஸ்ட் 15 அன்று இந்த ககோஷிமாவில் வந்து இறங்கினார். ஏறத்தாழ ஓராண்டு இங்கே இருந்தும் நூறு பேர் அளவில்தான் சேர்ந்தார்கள். எனக்கு நியமனம் வந்தபோது அம்மா இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் நினைத்துக்கொண்டார். “சவேரியார் போன ஊர்தானே, அவர் பார்த்துக்கொள்வார்” என்றார்.

டோக்கியோவில் இரண்டு ஆண்டுகள் மொழிப் பள்ளி. வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு போல ஒட்டுகள் சேர்வதும் தமிழனுக்குப் பழகிய வழி என்பதால், உடன் படித்த ஐரோப்பியக் குருக்கள் தடுமாறிய இடங்களை எளிதில் தாண்டிவிட்டேன். (தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்ற ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பரீட்சைக் காலத்தில் நான் ஏற்றுக்கொண்டேன்.) எழுத்துகளிடம்தான் அடிவாங்கினேன். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்திருக்கும், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளே 2,136.

ஆனால் தெரியாத சொற்கள் என்னைக் கவிழ்க்கவில்லை. தெரிந்த சொல்தான் கவிழ்த்தது. முதல் பிரசங்கத்தில், “நாம் எல்லோரும் பாவிகள்” என்றேன். பாவத்துக்கு ஜப்பானியத்தில் ‘த்சுமி’ என்பார்கள். குற்றத்துக்கும் அதே சொல்தான். பூசை முடிந்ததும், யாரோ அழைத்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து குனிந்து வணங்கினார். “நாற்பது ஆண்டு தபால் நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாளும் போலீஸ் வாசலை மிதித்ததில்லை” என்றார். கோபமே இல்லை, தகவல் சொல்வது போலச் சொன்னார். மறுபடி அவர் வரவில்லை. சவேரியாருக்கும் இப்படி ஒரு சறுக்கல் நேர்ந்தது. இந்த ஊர்க்காரரான அஞ்சிரோவின் யோசனைப்படி அவர் கடவுளுக்கு ‘தைனிச்சி’ என்ற சொல்லை எடுத்தாண்டார். அது ஒரு புத்தரின் பெயர் என்பது தெரிய வெகுநாளாயிற்று. பிறகு அதை விட்டுவிட்டு ‘தேயுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே திரும்பினார்.

எதிர்ப்பு என்றால் கல்லெறிவார்கள், கதவைச் சாத்துவார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் கிறிஸ்துமஸுக்கு முந்நூறு அழைப்பிதழ் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில் ஆரஞ்சுப் பழம்கூடக் கொடுத்தார்கள். வந்தவர் ஒருவருமில்லை. கல்லெறிந்தால் வீரக்கதையாக ஊருக்கு எழுதலாம். ஆரஞ்சைப் பற்றி என்ன எழுதுவது?

காரணம் மெல்லத்தான் பிடிபட்டது. 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த தோக்குகாவா ஆட்சி, ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோயிலில் பதிந்துகொண்டு, தான் கிறிஸ்தவர் இல்லை என்று சான்று பெறவைத்தது. தடைப் பலகைகளை 1873இல் எடுத்துவிட்டார்கள். சட்டம் போய்விட்டது, இறந்தவர் காரியம் புத்த கோயிலுக்குரியது என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. ஞானஸ்நானம் என்றதும் இவர்கள் முதலில் நினைப்பது சொர்க்கத்தை அல்ல, குடும்பக் கல்லறையை.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா. எண்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். என்னை ‘ஷின்பு சாமா’ என்று கூப்பிடுவார். எங்கள் ஊர்ப் பாட்டிகள் ‘சாமி’ என்பது போலவே காதில் விழும். எதிரே நிற்கும் சகுராஜிமா எரிமலை குமுறி, காற்றும் இந்தப் பக்கம் திரும்பினால், தெரு முழுக்கச் சாம்பல். அதை அள்ளிப் போட நகராட்சி மஞ்சள் பை கொடுக்கிறது. நான் பையின் வாயை விரித்துப் பிடிக்க, பாட்டியம்மா அள்ளிக் கொட்டுவார். ஈரச் சாம்பலின் கனம் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அப்படி ஒரு காலையில், முறத்தை நிமிர்த்தாமலே கேட்டார்: “நான் உங்கள் கோயிலில் சேர்ந்துவிட்டால், என் வீட்டுக்காரர் எங்கே இருப்பார்? அவருக்கு இதெல்லாம் தெரியாதே.”

இதே கேள்வியை ஜப்பானியர்கள் சவேரியாரிடம் கேட்டு அழுததை அவர் 1552இல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். குருமடத்தில் அதைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். திருச்சபை தரும் விடையும் என்னிடம் நல்ல ஜப்பானியத்தில் தயாராக இருந்தது. ஆனால் சாம்பல் பையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அந்த ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். பூசைக்கு ஆறு பேர். ஊரே முன்னோரை வரவேற்கும் ஓபோன் நாட்களில் கல்லறைக்குப் போயிருந்தது. மாலையில் பாட்டியம்மா என்னையும் அழைத்துப் போனார். சாம்பல் படாமலிருக்கக் கல்லறைகளுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள் இங்கே. பூ வாடவே விடுவதில்லை. அவர் கல்லுக்கு நீர் ஊற்றித் துடைத்தார். நான் பூக்குவளைகளைக் கழுவினேன். என்னை அறியாமல் கை வேகமாக வேலை செய்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எங்கள் ஊர் மணலில் பாட்டியின் சிலுவையைச் சுற்றிப் பூ அடுக்கி, கடல் காற்றில் அணையும் மெழுகுவர்த்தியைத் திரும்பத் திரும்பக் கொளுத்திய கை அது. ஊதுவத்தி நீட்டினார். வாங்கி வைத்தேன். “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்று தமிழில்தான் வாயில் வந்தது. என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். “நீங்களும் செய்வீர்களா!” என்றார்.

ஜப்பான் ஆயர்கள் முன்னோர் வணக்கம் பற்றி 1985இலேயே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறார்கள். என் அலமாரியில் அது மூன்று ஆண்டு பிரிக்காமல் கிடந்தது.

அந்த நவம்பரிலிருந்து, இறந்தோர் பூசைக்கு யாரும் தங்கள் வீட்டுப் பெயர்களைச் சீட்டில் எழுதித் தரலாம் என்று அறிவித்தேன். முதல் ஆண்டு நான்கு சீட்டு. போன ஆண்டு நாற்பத்தொன்று. பெரும்பாலும் ஞானஸ்நானம் பெறாதவர்களின் பெயர்கள். பாட்டியம்மாவும் பெறவில்லை. நான் கேட்கவுமில்லை, இதை என் மேலாளர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதல் ஆண்டு அவருடைய கணவரின் பெயரைத் தவறாக வாசித்துவிட்டேன். ஒரே கான்ஜியை ஆளுக்கொரு விதமாக உச்சரிப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுச் சீட்டில், பெயருக்கு மேலே, குழந்தைகளுக்கு எழுதுவது போலச் சின்னச் சின்ன எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொண்டு வந்தார்.